ஜூன் அல்மெய்டாவின் கதையை நம்ம ஊர்ப் பள்ளியில் சொல்வது எப்படி

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் நெருங்கும்போதெல்லாம் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேச வேண்டும், யாரைப் பேசலாம்? சி.வி.ராமன், அப்துல் கலாம், மேரி கியூரி பற்றியெல்லாம் அவர்கள் சின்ன வகுப்பிலிருந்தே கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அதனால் நான் சொல்லும் பெயர் ஜூன் அல்மெய்டா. மனிதர்களுக்கு வரும் கொரோனா வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதன்முதலில் பார்த்து, இது புது வகை என்று அடித்துச் சொன்னவர். பஸ் டிரைவரின் மகள். 16 வயதில் படிப்பு நின்று, ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, அங்கிருந்தே வளர்ந்து வைரஸ் ஆய்வில் உலகம் மதிக்கும் ஆளானவர்.

40 நிமிட பீரியடில் 8 முதல் 10 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். அறிவியல் ஆசிரியர்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை, தமிழ் ஐயாவும் எடுக்கலாம், ஊர் நூலகரும் எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். 'கொரோனாவைக் கண்டுபிடித்த பெண்' என்ற ஒரு வரிக்காக இந்த வகுப்பை எடுக்க வேண்டாம், அந்த வரியே பாதிதான் சரி. இவருடைய பெருமை அவர் கைகளில் இருந்தது. ஒரு துளி மாதிரியை எப்படித் தயார் செய்தால் கண்ணுக்குப் பிடிபடாதது பிடிபடும் என்பதில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே போகும்போது அந்தக் கைவேலை என்ன என்று அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

முதல் நாளே செய்து வைக்க வேண்டியது

பிள்ளைகளிடம் அவர்களுடைய சின்ன வயசுத் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லார் வீட்டிலும் பத்திரமாக இருக்காது, நாலைந்து பேர் கொண்டுவந்தாலே போதும். அட்டை இல்லாத பிள்ளை யாரும் கூசிப்போகாதபடி, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வெள்ளை டிராயிங் பேப்பர், வெள்ளை மெழுகுவத்தி, நீல இங்க் ஒரு பாட்டில், கொஞ்சம் பஞ்சு. வழவழப்பான சார்ட் வேண்டாம், அதில் இங்க் நிற்காமல் ஓடும். மெழுகுவத்தியை நன்றாக அழுத்தி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டு, உள்ளே முழுக்க மெழுகைத் தேய்த்து நிரப்புங்கள். விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் காம்புகள் வரைந்து, ஒவ்வொரு காம்பின் நுனியையும் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். ஒரு பேப்பரில் இப்படி ஏழெட்டு வட்டம். வெள்ளையில் வெள்ளை என்பதால் ஒன்றுமே தெரியாது, தெரியவும் கூடாது. இங்க் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து, வேறொரு தாளில் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மெழுகு மெல்லிசாக விழுந்திருந்தால் இங்க் உள்ளே இறங்கி வட்டம் கலங்கிவிடும், அப்படியானால் இன்னொரு தடவை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

அல்மெய்டாவின் படம் ஒன்றும் வேண்டும். கனடாவின் டொராண்டோவில் 1963-ல் எடுத்த புகைப்படம் இணையத்தில் கிடைக்கிறது, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி நிற்கும். ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் கறுப்பு வெள்ளையாக எடுத்துக்கொள்ளுங்கள், கலர் தேவையில்லை.

எங்கே தொடங்குவது

கொரோனாவில் தொடங்காதீர்கள். 2020, 2021-ல் வீட்டில் யாரையாவது பறிகொடுத்த பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம், அந்தப் பேச்சை எடுத்த எடுப்பில் வைத்தால் அதன் மனசு வேறெங்கோ போய்விடும். அட்டையில் தொடங்குங்கள்.

அட்டையைத் திறந்து பென்டாவேலன்ட் என்ற ஊசியைத் தேடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து போடுகிறார்கள், ஒரே ஊசியில் ஐந்து நோய்க்கு மருந்து: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய், ஹிப் என்ற பாக்டீரியா தரும் நோய். அப்புறம் எம்.ஆர் ஊசியைத் தேடட்டும், அதில் எம் மீசில்ஸ், ஆர் ரூபெல்லா. தமிழ்நாட்டில் அது 2017-ல்தான் வந்தது, அதற்கு முன்னால் பிறந்தவர்கள் அட்டையில் இல்லாமலும் இருக்கலாம். இப்போது கரும்பலகையில் மூன்று பெயர்களை மட்டும் எழுதுங்கள்: தொண்டை அடைப்பான், ஹெபடைடிஸ் பி, ரூபெல்லா. இந்த மூன்றும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் வருகின்றன என்று சொல்லிவிட்டுப் படத்தை மாட்டுங்கள். வகுப்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

முதல் பெயர் வீட்டுக் கதை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 1930 அக்டோபர் 5-ல் பிறந்தவர் ஜூன். பத்து வயதை ஒட்டி, 1940-ல், அவருடைய தம்பி ஹாரி தொண்டை அடைப்பானில் இறந்துபோனான். ஆறு வயதுப் பையன். அந்த நோய் வைரஸால் வருவதில்லை, பாக்டீரியாவால் வருவது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் பள்ளிக்கே வந்து போடுகிறார்களே டி.டி ஊசி, அதில் இருப்பதும் ரணஜன்னியோடு இந்தத் தொண்டை அடைப்பானுக்கான மருந்துதான் என்று சேர்த்துச் சொன்னால் கையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

படிப்பு நின்றதை எப்படிச் சொல்வது

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைத் தப்பாகச் சொன்னால் கதை முழுவதும் தப்பாகப் போய்ச்சேரும்.

ஜூன் நன்றாகப் படித்த பெண், பள்ளியில் அறிவியலுக்குப் பரிசு வாங்கியவர். மேலே படிக்க ஆசை இருந்தது, வீட்டில் வசதியில்லை. 1947-ல் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி என்ற ஆஸ்பத்திரியின் லேபில் வேலைக்குச் சேர்ந்தார். இதை மேடைப் பேச்சாளர்கள் 'படிக்காமலே சாதித்தவர்' என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். நம்ம பக்கத்தில் பத்தாவதோடு நிறுத்திவிடலாமா என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் நடக்கிறது, பெண் பிள்ளைகளுக்கு அது சட்டென்று மாப்பிள்ளை பார்ப்பதில் போய் முடியும். அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் அது காதில் போட்டுக்கொள்ள வேண்டியது வேறு: அந்தப் பெண்ணிடமிருந்து படிப்பு பறிபோனது, அது ஒரு இழப்பு, அவர் அந்த இழப்போடு நின்றுவிடாமல் லேபையே பள்ளிக்கூடம் ஆக்கிக்கொண்டார். லேபில் கற்றதும் படிப்புதான், அதற்குப் பட்டம் பின்னால் வந்தது. வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளை வைத்தே லண்டனில் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்.

லேபில் என்ன வேலை என்று கேட்பார்கள். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கத் தயார் செய்வது. நம்ம ஆஸ்பத்திரிகளில் இன்றும் நடக்கும் வேலைதான். கிளாஸ்கோவுக்கு அப்புறம் லண்டனில் செயின்ட் பார்தலோமியூ ஆஸ்பத்திரியில் அதே வேலை. 1954-ல் என்ரிக்கே அல்மெய்டா என்ற வெனிசுலா ஓவியரைக் கல்யாணம் செய்தார், அந்தப் பெயர்தான் கடைசிவரை நின்றது. இருவரும் கனடாவுக்குப் போனார்கள். அங்கே ஒண்டாரியோ புற்றுநோய் ஆய்வகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வேலை கிடைத்தது. இங்கிலாந்தில் பட்டம் இல்லாதவர் லேபில் மேலே போவது சிரமம், கனடாவில் வேலையைப் பார்த்துக் கட்டுரைகளில் பெயர் போட்டார்கள். பர்மா, மலேயா என்று கப்பலேறிப் போன ஐயாக்களின் கதை கேட்டு வளர்ந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, ஊர் மாறினால் வழி திறக்கும் என்பதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை.

எவ்வளவு சின்னது

மெழுகுப் பேப்பரை எடுப்பதற்கு முன்னால் அளவைச் சொல்லிவிடுங்கள். கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு மில்லிமீட்டர் புள்ளி வைத்து, இதுதான் கொரோனா வைரஸ் என்று வைத்துக்கொள்வோம் என்று சொல்லுங்கள். உண்மையில் அது சுமார் 100 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்), அதை 10,000 மடங்கு பெரிதாக்கினால்தான் இந்தப் புள்ளி. அதே 10,000 மடங்கு நம்மைப் பெரிதாக்கினால்? ஒன்றரை மீட்டர் உயரப் பிள்ளை 15 கிலோமீட்டர் ஆகிவிடும், இங்கே படுத்தால் தலை காரைக்குடியில், கால் கானாடுகாத்தான் பக்கம். கணக்கை நீங்கள் போடாதீர்கள், அவர்களையே போட விடுங்கள்.

பள்ளி லேபில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியில் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது, காரணம் ஒளியின் அலைநீளம். அதனால்தான் ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களைச் செலுத்தும் நுண்ணோக்கியை 1931-ல் ஜெர்மனியில் ரஸ்காவும் நோலும் செய்தார்கள். ஆனால் கருவி வந்தவுடன் எல்லாம் தெரிந்துவிடவில்லை. வைரஸ் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மாதிரி லேசான அணுக்களால், எலக்ட்ரான் அதை ஊடுருவிப் போய்விடும். பின்னணியும் வெளிறல், வைரஸும் வெளிறல்.

மெழுகுப் பேப்பர்

இப்போது பேப்பரை எடுத்துக் காட்டுங்கள். என்ன தெரிகிறது? ஒன்றுமில்லை என்பார்கள். பின்வரிசைப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, பஞ்சை நீர்த்த இங்க்கில் நனைத்து, பேப்பர் முழுக்க ஒரே சீராகத் தடவச் சொல்லுங்கள். நீலம் பரவப் பரவ வட்டங்கள் வெள்ளையாக எழும்பி வரும், விளிம்பில் காம்புகளோடு. அந்த நேரத்தில் நீங்கள் எதுவும் பேச வேண்டாம், பிள்ளைகள் போடும் சத்தமே போதும்.

சத்தம் அடங்கியதும் சொல்லுங்கள்: அல்மெய்டா செய்தது இதுதான். வைரஸுக்குச் சாயம் ஏற்றாமல் அதைச் சுற்றி இருக்கும் இடத்துக்கு ஏற்றுவது. பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்திலிருந்து வரும், டங்ஸ்டன் என்ற கனமான உலோகம் சேர்ந்த உப்புக் கரைசலில் ஒரு துளி, அதோடு வைரஸ் மாதிரி ஒரு துளி. கனமான டங்ஸ்டன் எலக்ட்ரானைச் சிதறடிப்பதால் பின்னணி இருண்டுவிடும், உப்பு நுழையாத வைரஸ் மட்டும் வெளிச்சமாக நிற்கும், மேலே இருக்கும் முள், காம்பு எல்லாம் துல்லியமாகத் தெரியும். எதிர்மறைச் சாயமேற்றல் என்று பெயர். இந்த முறையை வைரஸுக்குப் பரவலாக்கியவர்கள் பிரென்னரும் ஹார்னும், 1959-ல். அல்மெய்டா அதைக் கையிலெடுத்து, வேறு யாரும் கொண்டுவராத தெளிவுக்குக் கொண்டுபோனார்.

மெழுகு இங்க்கை ஒட்டவிடாமல் தள்ளுகிறது, நிஜத்தில் உப்பு வைரஸைச் சுற்றிப் படிகிறது, இந்த வித்தியாசத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கூர்மையான பிள்ளை ஒன்று எப்படியும் கேட்கும்.

முற்றத்தில் ஒரு விளையாட்டு

அடுத்தது அவருடைய பெரிய சாதனை என்று நான் நினைப்பது. நகரத்தார் கட்டிக்கொடுத்த பழைய பள்ளிக்கூடங்களில் பெரிய முற்றம் இருக்கும், அங்கே போய்விடுங்கள். இல்லாவிட்டால் வேப்பமரத்தடி.

ஆறு பிள்ளைகளுக்கு 'வைரஸ்' என்று எழுதிய அட்டை, பத்துப் பன்னிரண்டு பேருக்கு 'குப்பை' என்று எழுதிய அட்டை. கலந்து, இஷ்டத்துக்குச் சிதறி நிற்கச் சொல்லுங்கள். அட்டையை முதுகுப் பக்கம் திருப்பிக்கொள்ளட்டும். ஒருவரை மாடியிலோ திண்ணையிலோ ஏற்றி, வைரஸ் யார் யார் என்று கேளுங்கள். சொல்ல முடியாது. நோயாளியின் மூக்குச் சளியிலோ மலத்திலோ எடுத்த மாதிரி அப்படித்தான் இருக்கும், செல் துணுக்கு, புரதம், என்னென்னவோ, அதற்கு நடுவே எங்கோ நாலு வைரஸ்.

இப்போது ஐந்து பேரை 'ஆன்டிபாடி' ஆக்குங்கள், அதாவது கிருமியைப் பிடிக்க நம் உடம்பு உருவாக்கும் புரதம். வைரஸ் யார் என்று அவர்கள் காதில் மட்டும் சொல்லுங்கள். ஆன்டிபாடிக்கு இரண்டு கை, ஒவ்வொரு கையாலும் ஒரு வைரஸைப் பிடிக்க வேண்டும், குப்பையைத் தொடவே கூடாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளியானால் கை கோக்கக் கூச்சப்படுவார்கள், ஆளுக்கு ஒரு ரிப்பனோ கைக்குட்டையோ கொடுத்து அதன் நுனியைப் பிடிக்கச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. அரை நிமிடத்தில் வைரஸெல்லாம் ஒரே கொத்தாகிவிடும். மாடியில் நிற்கும் பிள்ளைக்கு இப்போது கேட்காமலே தெரியும்.

நோயிலிருந்து தேறியவரின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கான ஆன்டிபாடி இருக்கும். அந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சீரம் என்ற தெளிந்த நீரை மாதிரியோடு கலந்தால் வைரஸ்கள் கொத்தாகச் சேரும். இரண்டு லாபம்: கண்டுபிடிப்பது எளிது, எந்த வைரஸ் என்ற அடையாளமும் கூடவே கிடைத்துவிடும், ஏனென்றால் ஆன்டிபாடி தனக்கானதை மட்டும்தான் பிடிக்கும். இந்த முறையை வைரஸ் ஆய்வில் நிலைநாட்டியவர் அல்மெய்டா. அவரிடம் கற்றுக்கொண்டு போன ஆல்பர்ட் கபிக்கியான் 1972-ல் இதே முறையில்தான் அமெரிக்காவில் ஒரு பள்ளியில் பரவிய வாந்தி நோய்க்குக் காரணமான நார்வாக் வைரஸைக் கண்டார், இன்று நோரோவைரஸ் என்கிறோமே அது.

திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை

வகுப்புக்குத் திரும்பி, எல்லாரும் தண்ணீர் குடித்ததும் இந்தப் பகுதி. கதையாகவே சொல்லுங்கள், அவசரப்படாமல்.

கோழிக்கு வரும் ஒரு மூச்சுக்குழல் நோய், எலிக்கு வரும் ஒரு கல்லீரல் நோய், இரண்டின் வைரஸையும் படம் பிடித்துப் பார்த்த அல்மெய்டாவுக்கு இரண்டும் ஒரே சாயலில் தெரிந்தன, சுற்றிலும் ஒளிவட்டம் மாதிரி முட்கள். புது வகை என்று எழுதி அனுப்பினார். இது ஃபுளூ வைரஸின் மோசமான படம் என்று சொல்லி ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது.

1964-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவக் கல்லூரிக்குப் பேராசிரியர் வாட்டர்சன் அவரை அழைத்துக்கொண்டார். அதே காலத்தில் சாலிஸ்பரி பக்கத்தில் ஜலதோஷ ஆய்வு மையம் ஒன்று இருந்தது, 1946-லிருந்து 1990 வரை நடந்தது. தன்னார்வலர்கள் போய்த் தங்கி, மூக்கில் சொட்டு வாங்கிக்கொண்டு, சளி பிடிக்கிறதா என்று காத்திருப்பார்கள், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். இதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அங்கே டேவிட் டிரெல் என்பவரிடம் ஒரு பள்ளிக்கூடப் பையனின் மூக்கு கழுவிய மாதிரி இருந்தது, அதன் எண் பி814. அது மற்றவர்களுக்குச் சளி பிடிக்க வைக்கிறது, ஆனால் வழக்கமான வளர்ப்பு முறையில் வளர மறுக்கிறது. மூச்சுக்குழல் திசுத் துண்டில் வளர்த்துப் பார்த்தார்கள், வளர்ந்தது. என்ன வைரஸ் என்றுதான் தெரியவில்லை. லண்டனில் ஒரு பெண் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பிரமாதமாக வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டு டிரெல் அனுப்பிவைத்தார், பெரிய நம்பிக்கை இல்லாமல்தான்.

அல்மெய்டா பார்த்தார். தெளிவாகத் தெரிந்தது. இதே சாயலைத்தான் நான் கோழியிலும் எலியிலும் பார்த்திருக்கிறேன் என்றார். திருப்பி அனுப்பப்பட்ட படங்கள் சரியான படங்கள்தான் என்பது அப்போது உறுதியானது. 1967-ல் டிரெல்லும் அவரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவளையத்தை வைத்துக் கொரோனா என்று பெயரிட்டு, 1968-ல் 'நேச்சர்' இதழில் எட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து அறிவித்தார்கள்.

இந்த இடத்தில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கட்டுரை திரும்பி வந்ததும் அவர் என்ன செய்திருப்பார்? அழுதிருப்பார், சண்டை போட்டிருப்பார் என்று பலவிதமாகச் சொல்வார்கள். அவர் அந்தப் படங்களை விட்டுவிடவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள், மனசுக்குள் என்ன ஓடியது என்று நாமாகக் கற்பனை சேர்க்க வேண்டாம். உண்மைக் கதையே நன்றாக இருக்கும்போது மிளகாய்ப்பொடி தேவையில்லை.

பெயரைப் பங்கிடுவதும் முக்கியம். பி814-ஐ வளர்த்தவர்கள் டிரெல்லும் பைனோவும், 1965-ல் எழுதினார்கள். அமெரிக்காவின் சிகாகோவில் டோரதி ஹாம்ரே என்ற இன்னொரு பெண்ணும் ஜான் புரோக்னோவும் 229இ என்ற வைரஸைத் தனியாகப் பிரித்தெடுத்து 1966-ல் வெளியிட்டார்கள். கரும்பலகையில் இந்த நாலு பெயரையும் அல்மெய்டாவின் பெயரோடு எழுதுங்கள். அறிவியல் இப்படிப் பல கைகளால் நடப்பது என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டால் அல்மெய்டாவின் மதிப்பு குறையாது.

மீதி இரண்டு பெயர்கள்

கரும்பலகையில் காத்திருக்கும் ரூபெல்லாவுக்கும் ஹெபடைடிஸ் பிக்கும் வந்துவிடலாம், சுருக்கமாகவே. கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் பாதிக்கும் ரூபெல்லா, அந்த வைரஸை ஆன்டிபாடி முறையில் 1967-ல் படம் பிடித்துக் காட்டிய குழுவில் அவர் இருந்தார். ஹெபடைடிஸ் பி வைரஸில் உள்ளே ஒரு கரு, வெளியே ஒரு உறை, இரண்டும் வேறு வேறு என்று 1970-களின் தொடக்கத்தில் காட்டியதிலும் அவர் கை உண்டு. உறைப் புரதத்தை வைத்துத்தான் பின்னால் தடுப்பூசி வந்தது, அதுதான் அட்டையில் இருக்கிறது.

1979-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வைரஸ் நோய்களை லேபில் விரைவாகக் கண்டறியும் கையேட்டை எழுதியவர்களில் ஒருவர். 1985-ல் ஓய்வு பெற்று யோகா ஆசிரியரானார், பீங்கான் சாமான்களைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார், இரண்டாவது கணவரோடு சேர்ந்து பழம்பொருள் வியாபாரம் செய்தார். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் காரைக்குடிப் பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். 1980-களின் கடைசியில் மறுபடி லேபுக்கு வந்து எச்.ஐ.வி வைரஸைப் படம் எடுக்க உதவினார். 2007 டிசம்பர் 1-ல், 77 வயதில் காலமானார். உலகம் அவரைப் பெயர் சொல்லித் தேடியது 2020-ல். கேரளாவில் 2020 ஜனவரி 30-ல் உறுதியான இந்தியாவின் முதல் கோவிட் நோயாளியின் மாதிரியை புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் படம் பிடித்தார்களே, அதுவும் எதிர்மறைச் சாயமேற்றலில்தான்.

வரக்கூடிய கேள்விகள்

'அவர் பார்த்ததுதான் கோவிட் வைரஸா?' இல்லை. அவர் பார்த்தது சாதாரணச் சளி பிடிக்க வைக்கும் உறவுக்கார வைரஸ், கோவிட் வைரஸ் 2019 கடைசியில் தெரியவந்த வேறொன்று.

'டிவியில் சிவப்பு முள்ளோடு வந்ததே, அது அவர் எடுத்த படமா?' அது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் ஓவியர்கள் 2020-ல் கம்ப்யூட்டரில் வரைந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் நிறமே கிடையாது, கலரில் வருபவை பின்னால் நிறமேற்றியவை.

'நோபல் வாங்கினாரா?' வாங்கவில்லை. இதற்கு மேல் எதையும் சேர்க்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

'அம்மை சாமியா, வைரஸா?' நம்ம ஊரில் இந்தக் கேள்வி வந்தே தீரும், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும் மாசி பங்குனிக்குப் பக்கத்தில்தான் அறிவியல் நாளும் வருகிறது. பிள்ளையின் வீட்டு நம்பிக்கையைச் சீண்டாமல் நேராகவே சொல்லுங்கள்: சின்னம்மை ஒரு வைரஸால் வருகிறது, வேப்பிலை கட்டி ஒதுக்கி வைப்பதில் மற்றவர்களுக்குப் பரவாமல் தடுக்கும் நன்மை இருக்கிறது, கூடவே டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

வகுப்புக்கு அப்புறம்

இரண்டு வேலை. ஒன்று, சிக்ரி. காரைக்குடியில் இருந்துகொண்டு மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் உள்ளே போய்ப் பார்க்காத பிள்ளைகள் எத்தனையோ பேர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த இடம். செப்டம்பர் கடைசியில், சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாளை ஒட்டி மாணவர்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். அந்த வருடத் தேதியைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு கடிதம் போட்டு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்திலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் காட்ட முடியுமா என்றும் எழுதுங்கள், அங்கே பொருள்களின் மேற்பரப்பைப் பார்க்க அதை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படுவது: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் லேப் டெக்னீஷியனை அடுத்த வாரமே பள்ளிக்கு அழையுங்கள். மருத்துவ அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கிவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பேச்சு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு கண்ணாடிச் சில்லில் ரத்தத் துளியை எப்படி இழுத்துப் பரப்புவது, எப்படிச் சாயம் ஏற்றுவது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். பிளஸ் டூவில் அறிவியல் எடுத்தால் அரசு மருத்துவக் கல்லூரியில் டி.எம்.எல்.டி என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோவில் எப்படிச் சேர்வது, என்ன செலவாகும் என்பதை அவர் வாயாலேயே கேட்கட்டும். பெண் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். வந்தவருக்கு மரியாதை செய்ய மறக்க வேண்டாம், ஆனால் சால்வையை விட, பிள்ளைகள் கேள்வி எழுதி வைத்திருக்கும் ஒரு நோட்டைக் கொடுத்து நிதானமாகப் பதில் எழுதித் தரச் சொன்னால் அவருக்கும் சந்தோஷமாக இருக்கும், பதிலும் பள்ளி நூலகத்தில் இருக்கும்.